வாலில்லாத ஏ

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸிலிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இது அங்கிருந்து வந்த மூன்றாவது போன். முதல் இரண்டும் அலமாரிச் சாவி எங்கே என்று கேட்டு வந்தவை. இந்த முறை, இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் செல்வி பேசினாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, எந்தப் படத்தை எந்த வகைக் கோப்பாக வைக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள்.

"ஒரு பக்கம் போதும்க்கா. நீங்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டிய" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

எழுதிக் கொடுத்தேன். மூலப் பிரதியை டிஃப் கோப்பாக வை. இடம் ஏராளமாகப் பிடிக்கும், ஆனால் ஒரு புள்ளிகூடக் குறையாது. புகைப்படத்தை இன்னொருவருக்கு அனுப்ப ஜேபெக் போதும். அதைத் திறந்து திருத்தித் திரும்பத் திரும்பச் சேமிக்காதே, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். முத்திரை, வரைபடம், கோடு, எழுத்து என்றால் பிஎன்ஜி. பல பக்கங்களை ஒன்றாகக் கொடுக்க பிடிஎஃப். ஆனால் பிடிஎஃப் வெறும் உறை, உள்ளே எந்த முறையில் சுருக்கியிருக்கிறது என்று பார்க்காமல் 'சரி' போடாதே. இவ்வளவுதான். செல்வி ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாள். அது ஜேபெக் இல்லை, பார்த்துவிட்டேன்.

பிடிஎஃப் பற்றி நான் எழுதிய கடைசி வரிக்குப் பின்னால் ஒரு கல்லறை இருக்கிறது. அதை அந்த ஒரு பக்கத்தில் எழுத முடியவில்லை. எழுதாமல் விடவும் முடியவில்லை. கேட்க ஆள் இருந்தால் வாயால் சொல்லியிருப்பேன். என் வீட்டில் நான்தான் இருக்கிறேன், ஆகவே காகிதத்தில் சொல்கிறேன்.

தட்டச்சு லோயர், ஹையர் இரண்டும் முடித்துவிட்டு, பாளையங்கோட்டையில் ஒரு நகல் எடுக்கும் கடையில் சேர்ந்தேன். கடைக்காரர் திசையன்விளைப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான்; அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நகல் கடை டிடிபி கடையாகி, டிடிபி கடை ஸ்கேனிங் ஆபீஸ் ஆனது. பள்ளிக்கூடங்கள், சபைகள், வக்கீல்கள், பழைய கம்பெனிகள் என்று எல்லோருடைய பழைய காகிதமும் எங்களிடம் வந்தது. அதைப் படமாக்கிக் கொடுப்பதுதான் என் வேலை. கடைசிவரை அந்த ஒரே வேலைதான்.

தூசி வரக்கூடாது என்பதால் ஸ்கேன் அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். காலையில் போனதும் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைப்பேன். காகிதத்தைத் தூரிகையால் மேலிருந்து கீழாக மட்டும் தடவுவேன். குறுக்கே தடவினால் நைந்த ஓரம் கிழியும். மெல்லிய தாள் என்றால் பின்பக்க எழுத்து தெரியாமலிருக்க முதுகுக்குக் கறுப்பு அட்டை கொடுப்பேன். தட்டச்சு எழுத்துக்கு ஓர் அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி, கையெழுத்துக்கு அறுநூறு. பத்துப் பக்கத்துக்கு ஒரு பக்கத்தை முழு அளவில் திறந்து, அச்சிட்ட சரிபார்ப்புத் தாளில் டிக் போடுவேன். அந்தத் தாளில் ஒரு கேள்வி: 'தெளிவாக உள்ளதா?' அந்தக் கேள்வியைத் தயார் பண்ணியது நான்தான். அதைத் திரும்பவும் சொல்ல வேண்டி வரும்.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனிதர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கதவை ஒரு சாண் திறந்து, தலையை மட்டும் நீட்டி, "எத்தன எம்பி?" என்பார். அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே கேள்வி அதுதான். மத்தியானம் என் டிபன் பாக்ஸைப் பார்த்தும் அப்படிக் கேட்பார் என்று ஆபீஸில் கேலி பேசுவார்கள். நெல் குதிரில் இடமில்லாத வீட்டுக்காரர் போல, ஹார்ட் டிஸ்கில் எவ்வளவு மிச்சம் என்பது அவருக்கு மனப்பாடம்.

ஒருநாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரே பக்கம், டிஃப் ஆக வைத்தால் இருபத்தைந்து எம்பி, ஜேபெக்காக வைத்தால் ஒரு எம்பிகூட இல்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

"என்னம்மா ரூபி, மிச்ச இருவத்தி நாலு எம்பியில என்னத்த வச்சிருக்க?"

நான் விளக்கினேன். "அண்ணாச்சி, டிஃப்ல சுருக்குறது பட்டுச்சேலைய மடிச்சு வைக்கிற மாதிரி. எடம் கொஞ்சம் மிச்சம். விரிச்சா அதே சேலை, ஒரு நூலு குறையாது. ஜேபெக்கு அப்படியில்ல. கல்யாணத்துக்கு வராதவங்ககிட்ட கல்யாணத்தச் சொல்லுத மாதிரி. நூறு பேரு வந்தாவ, எல்லாரும் பட்டுல வந்தாவன்னு சொல்லிரும். ஒவ்வொரு சேலையோட கரையும் என்ன நெறம்னு சொல்லாது."

"அப்பம் ஜேபெக்கு பொய் சொல்லுதா?"

"பொய் இல்ல. விட்டுட்டுச் சொல்லுது."

"விட்டுட்டுச் சொன்னாப் போதும்லா! நம்ம ஊர்ல எவன் முழுசாச் சொல்லுதான்?" என்று சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஆபீஸில் ஒரு விதி வந்தது. வேலையைக் கொடுத்து மூன்று மாதம் ஆனதும் டிஃப் கோப்புகளை அழித்துவிட வேண்டும். நான் முணுமுணுத்தேன். முணுமுணுத்ததோடு சரி, எதிர்த்துப் பேசவில்லை.

விட்டுவிட்டுச் சொல்வதில் என்ன ஆபத்து என்பதை ஒரு பள்ளிக்கூடம் எனக்குக் காட்டியது. அவர்களுடைய பழைய கூட்டக் குறிப்பேடு வந்தது. தாள் முழுக்கப் பழுப்புப் புள்ளி, அம்மை போட்ட முகம் மாதிரி. எங்கள் மென்பொருளில் 'தூசி நீக்கு' என்று ஒன்று இருந்தது. அதைக் கடைசி அளவு வரை ஏற்றிவிட்டேன். பக்கங்கள் வெளுத்த வேட்டியாக வந்தன. எனக்கு ஒரே பெருமை. ஒரு வாரம் கழித்துத் தலைமையாசிரியர் வந்தார். வந்தவர் கதவைச் சாத்திக்கொண்டு, அச்செடுத்த தாளை என் முன்னால் வைத்து, ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்தார். வாயால் படிக்க அவருக்குக் கூச்சம். 'கல்விக் குழு' என்று இருக்க வேண்டிய இடம். தூசியோடு தூசியாக எழுத்தின் புள்ளிகளும் போய்விட்டன. கல்வி, கலவி ஆகியிருந்தது.

"தலைவர், செயலாளர், நிர்வாகி எல்லாரும் இந்தக் குழுவுலதாம்மா இருக்காவ. பக்கத்துக்குப் பக்கம் இருக்காவ" என்றார் அழாத குறையாக.

கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, தண்ணீர் கொடுத்து அடக்க வேண்டியதாயிற்று. நானும் அன்றைக்குச் சிரித்தேன். சிரிக்க முடிந்ததற்குக் காரணம், குறிப்பேடு பத்திரமாகப் பள்ளியில் இருந்தது. திரும்ப வாங்கி, திரும்ப ஸ்கேன் செய்து கொடுத்தோம். இங்கிலீஷ்காரன் செய்த மென்பொருளுக்குப் புள்ளி என்றால் அழுக்கு. நமக்குப் புள்ளி என்றால் எழுத்து. அது எனக்கு அன்றே புரிந்திருந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்தக் கல்லறைத் தோட்டம். எந்தச் சபையுடையது என்று சொல்லப் போவதில்லை. பெரிய தோட்டம். வரிசைகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று உயிரெழுத்துகளைப் பெயராக வைத்திருந்தார்கள்; வரிசை முனையில் சின்னக் கல் நட்டு எழுத்தை வெட்டியிருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று, இரண்டு என்று எண். யார் எந்த இடத்தில் என்று, பெயர்களின் அகர வரிசைப்படி, யாரோ ஒரு புண்ணியவான் பல வருடங்களுக்கு முன்னால் தமிழ்த் தட்டச்சில் அடித்து வைத்திருந்தார். நாற்பது பக்கம். கரையான் ஓரங்களைத் தொட்டிருந்தது.

பார்வையிடப் போன அன்று, கமிட்டி அனுமதி இல்லாமல் காகிதத்தை வெளியே தர முடியாது என்று அங்கிருந்த எழுத்தர் ஐசக் சொல்லிவிட்டார். அதனால் காகிதத்தின் நிலைமையை அண்ணாச்சிக்குக் காட்ட, நாலைந்து பக்கத்தை என் போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கை ஆடியிருந்தது, வெளிச்சமும் இல்லை. அதோடு அதை மறந்துவிட்டேன்.

அனுமதி கிடைத்துக் காகிதம் வந்தபோது, ஆபீஸுக்குப் புது இயந்திரமும் வந்திருந்தது. தாளைக் கட்டாக வைத்தால் அதுவே இழுத்துக்கொண்டு நேராக பிடிஎஃப் ஆக்கித் தரும். அதில் 'சிறிய கோப்பு' என்று ஒரு பொத்தான். நாற்பது பக்கமும் ஒரு எம்பிக்குள் அடங்கிவிட்டது.

அண்ணாச்சி முதல் முறையாக அறைக்குள் முழு உடம்போடு வந்தார். "ஒரு எம்பியா? நாப்பது பக்கமும் ஒரு எம்பியா? இனிமே எல்லாத்தையும் இதுலயே போடுட்டீ!"

நான் திறந்து பார்த்தேன். எழுத்துகள் கறுப்பு மையில் செதுக்கியது போல இருந்தன. மூலத் தாளில் மங்கியிருந்த இடங்கள்கூடப் பளிச்சென்று தெரிந்தன. எனக்கும் பிடித்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். தெளிவாக உள்ளதா? டிக். தெளிவாக உள்ளதா? டிக். நாலு டிக்கும் என் கையால் போட்டது. டிஃப் எடுக்கவே இல்லை. காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தோம். அடுத்து வந்த பெருமழையில் தோட்டத்து அலுவலகத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்று, அலமாரியோடு அந்த நாற்பது பக்கமும் கூழாகிவிட்டது. அவர்களிடம் எஞ்சியது எங்கள் பிடிஎஃப் மட்டும்தான்.

என் ஓய்வுக்கு நாலைந்து மாதம் இருக்கும்போது அதே கமிட்டி, பட்டியலைக் கணினியில் தேடுகிற மாதிரி அட்டவணையாக வேண்டும் என்று கேட்டது. பிடிஎஃப்பைப் பார்த்து நானே அடித்தேன். அந்த வருடம்தான் அம்மா போயிருந்தாள். வீட்டுக்குப் போய் என்ன செய்ய என்று ஆபீஸிலேயே ஆறு மணிவரை இருப்பேன். அடித்து முடித்து, பெயர் வரிசையை மாற்றி இட வரிசைப்படி அடுக்கியபோது, எ வரிசையில் ஒன்பது இடங்களில் இரண்டிரண்டு பேர் இருந்தார்கள். ஏ வரிசையில் அதே ஒன்பது எண்கள் காலி.

முதலில் என் விரல் தவறு என்று நினைத்தேன். பிடிஎஃப்பைத் திறந்து பெரிதாக்கினேன். இல்லை, எ என்றுதான் இருக்கிறது. நல்ல கறுப்பில், சுத்தமான எ. இரண்டு பக்கத்து எ-க்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். இடது வளைவில் ஒரு சிறு பிசிறு. அடுத்ததிலும் அதே இடத்தில் அதே பிசிறு. அதற்கடுத்ததிலும். ஒரு தட்டச்சுப் பொறி ஒரே எழுத்தை நூறு தரம் அடித்தால் நூறும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும்; மை கூடும், குறையும். இங்கே எல்லாம் ஒரே எழுத்தின் நகல்.

இயந்திரத்தோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தேன். 'சிறிய கோப்பு' பொத்தானுக்கான விளக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி: ஒத்த வடிவங்கள் ஒன்றாக்கப்படலாம். அதாவது, பக்கத்தில் ஓர் எழுத்தைப் பார்த்தால் அதை ஒரு ரப்பர் முத்திரையாகச் செய்து வைத்துக்கொள்கிறது. அப்புறம் அதைப் போல எது வந்தாலும் அந்த முத்திரையைக் குத்திவிட்டுப் போகிறது. எ-க்கும் ஏ-க்கும் என்ன வித்தியாசம்? கீழே இழுத்த ஒரு சின்ன வால். ரிப்பன் மை குறைந்த இடத்தில் அந்த வால் மெலிந்திருக்கும். இயந்திரம் 'இரண்டும் ஒன்றுதான்' என்று முடிவு செய்து, வாலில்லாத முத்திரையைக் குத்திவிட்டது. சில இடத்தில் குத்தியது, சில இடத்தில் விட்டது. ஜேபெக் தெரியாததை மங்கலாகச் சொல்லும், பார்க்கிறவருக்குச் சந்தேகம் வரும். இது தெரியாததைப் பளிச்சென்று சொல்லியிருந்தது. யாருக்குச் சந்தேகம் வரும்? எனக்கே வரவில்லையே!

மறுநாள் தோட்டத்துக்குப் போனேன். ஒன்பதில் எட்டு இடங்களில் பழைய கல்வெட்டுகள் இருந்தன. யார் எங்கே என்று அவற்றைப் பார்த்தே தீர்த்துவிட்டேன். மிஞ்சியது பதினாலு. எ-14க்குப் பட்டியலில் இரண்டு பெயர்: ஞானப்பூ, சாலமோன் கம்பவுண்டர். இரண்டு பேரில் ஒருவர் எ-14, இன்னொருவர் ஏ-14. ஏ-14 வெறும் புல்தரை.

ஐசக்கிடம் கேட்டேன். "எ-பதினாலுல பழைய கல்லு எதுவும் இருந்துச்சா?"

"கல்லு ஒண்ணும் இல்லக்கா. போன வருசந்தான் தங்கராஜ் அண்ணன் புதுசாக் கட்டுனாவ. ஞானப்பூ அம்மா மவன். வெளிநாட்டுலயே இருந்தவரு. நம்ம லிஸ்ட்டப் பாத்துத்தான் அம்மை எங்க இருக்கான்னு கண்டுபிடிச்சாரு. ஞாயித்துக்கிழமை தவறாம வந்து உக்காந்துருவாரு, பாவம்."

அந்த எ-14ஐப் போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில் சிமெண்டு மேடை, வெள்ளைப் பூச்சு, சிலுவையில் ஞானப்பூ என்று பெயர். ஓரத்தில் துளசி வைத்துத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். நான் போட்ட ஒரு டிக், ஒரு மகனைக் கொண்டுவந்து ஒருவேளை வேறு யாருடைய தலைமாட்டிலோ உட்கார வைத்திருக்கிறது. அங்கேயே குந்தினேன்.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். "விட்ரும்மா. யாருக்குத் தெரியப் போவுது? அந்தம்மா மோட்சத்துல இருக்கா. உங்க வேதத்துல அப்படித்தான சொல்லியிருக்கு? கீழ எந்த வரிசைல கெடந்தா என்ன?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை அதுவரை அவரிடம் காட்டியதில்லை. "அப்பம் எதுக்கு அண்ணாச்சி பட்டியல் போட்டோம்? எழுத்துக்கு மதிப்பில்லன்னா நான் இத்தன வருசம் அந்தக் கதவுக்குள்ள என்னத்துக்கு உக்காந்திருந்தேன்?"

அவர் தலை குனிந்துகொண்டார். பிறகு, "நீ முதமொத அங்க போனப்பம் எனக்குப் படம் அனுப்புனியே, அது இருக்கா?" என்று கேட்டார்.

என் போன் இரண்டு தடவை மாறிவிட்டது. அவருடைய போனில் தேடினோம். ஆபீஸில் ஒரு எம்பிக்குச் சண்டை போடும் மனிதர், தன் போனில் காலை வணக்கப் படம் ஒன்றைக்கூட அழித்ததில்லை. ரோஜாவும் சூரியனும் முருகனும் வேலுமாகப் புரண்டு வந்தன. அவரே தள்ளித் தள்ளிப் போய், ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டார். ஐந்து படம். மூன்றாவதில் ஞானப்பூ இருந்த பக்கம்.

படம் என்றா அதைச் சொல்வது? போன் ஒரு முறை ஜேபெக்காகச் சுருக்கியது, அனுப்பும்போது இன்னொரு முறை சுருங்கியது. எழுத்துகள் புகை பிடித்தது போல இருந்தன. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்கும். அதிகம் சுருக்கினால் அந்தக் கட்டங்களின் விளிம்பு தெரியும், எழுத்தைச் சுற்றி, தாளில் இல்லாத சாம்பல் புள்ளிகளும் பூச்சி போல மொய்க்கும். ஞானப்பூவின் எதிரே இருந்த எழுத்துக்கு அடியில் நாலு புள்ளி, கொஞ்சம் கறுத்த சாம்பல், சரிவாக. அது வாலா, பூச்சியா?

மூன்று நாள் அதோடு இருந்தேன். அதே பக்கத்தில், கல்வெட்டைப் பார்த்து உறுதிசெய்த எ எழுத்துகள் ஐந்து இருந்தன. ஐந்தின் அடியையும் பெரிதாக்கினேன். பூச்சி இருந்தது, ஆனால் இருபக்கமும் சமமாகச் சிதறியிருந்தது. கல்வெட்டைப் பார்த்து உறுதிசெய்த ஏ இரண்டு. அவற்றின் அடியில் சாம்பல் ஒரே பக்கமாக, இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கியது. ஞானப்பூவின் நாலு புள்ளியும் அப்படியே சரிந்து இறங்கின. கண்ணை மூடித் திறந்து பார்த்தேன், கண்ணாடி மாற்றிப் பார்த்தேன், படத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தேன். ஏ-தான். மங்கலான அந்த அழுக்குப் படம் உண்மையை வைத்திருந்தது. அட்டவணையில் திருத்தி, ஆதாரம் என்ன என்பதையும் குறித்து வைத்தேன். அந்த மூன்று நாளில் அம்மா இருந்தால் இதைச் சொல்லியிருப்பேனே என்று தோன்றாத நேரமில்லை. சொல்லியிருந்தால் அவள் ஒன்றும் செய்திருக்க மாட்டாள். 'சாப்பிட்டியா' என்று கேட்டிருப்பாள். அதுதான் வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அண்ணாச்சி தன் காரிலேயே கூட்டிப்போனார். தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்தியவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "நீ போயிட்டு வாம்மா. நான் வந்தா அழுதுருவேன்" என்றார். அதற்காக அவரைத் திட்டவும் முடியவில்லை.

தங்கராஜ் பாய் விரித்து மேடையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அறுபதை ஒட்டிய வயது, வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை. அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. யாரோ எதிரே இருப்பது போல, கையை அசைத்து எதையோ விவரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தினார்.

"யாரத் தேடுதிய?"

"உங்களத்தான் அண்ணே. எம்பேரு ரூபி. இந்தக் கல்லறைப் பட்டியல கம்ப்யூட்டர்ல ஏத்துனது நாந்தான்."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். முகமெல்லாம் மலர்ச்சி. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார். எங்கள் பிடிஎஃப்பின் அந்த ஒரு பக்கம், அச்செடுத்தது. ஞானப்பூ என்ற பெயரின் கீழே பேனாவால் கோடு. "நீங்களா? உங்களப் பாக்கணும்னு ஐசக்குட்ட எத்தன தரம் கேட்டேன் தெரியுமா? எங்கம்மை செத்தப்பம் எனக்கு ஒம்பது வயசு. போர்டிங்ல இருந்தேன். அடக்கம் முடிஞ்சபெறவுதான் எனக்குச் சொன்னாவ. எங்கன பொதைச்சாவன்னு யாரும் காட்டல. நாப்பத்தொம்பது வருசம் கழிச்சு நீங்கதாம்மா எங்கம்மைய எனக்குக் கண்டுபிடிச்சுத் தந்திய."

இதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு சொல்லிவிட்டேன். எ-யையும் ஏ-யையும் சொன்னேன். முத்திரையைச் சொன்னேன். டிக் போட்டது என் கை என்று சொன்னேன். போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். "இந்த நாலு புள்ளியா?"

"ஆமா."

"அழுக்கா இருக்கக்கூடாதா?"

"அப்படி இருந்துரக்கூடாதான்னுதான் நானும் மூணு நாளாப் பாத்தேன் அண்ணே. இல்ல. உங்கம்மை அடுத்த வரிசைல இருக்காவ."

"அப்பம் இங்கன இருக்கது யாரு?"

"சாலமோன்னு ஒரு கம்பவுண்டர். அவரத் தேடி யாரும் வந்ததா ஐசக்குக்கு நெனப்பில்ல."

அவர் மேடையைப் பார்த்தார். சிலுவையில் இருந்த தன் அம்மாவின் பெயரைப் பார்த்தார். எனக்கு அடி விழும் என்று நினைத்தேன், விழுந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் பைய உட்கார்ந்து, மேடையின் வெள்ளைப் பூச்சை உள்ளங்கையால் தடவினார்.

"ஒரு வருசமா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு மனுசன்" என்றார். சிரிப்பது போல ஒரு சத்தம் வந்தது, சிரிப்பில்லை. "போர்டிங்ல அடிவாங்குனது, கப்பல்ல போனது, கல்யாணம், எம்பொண்டாட்டி போனது, ஏன் இத்தன நாளா வரலங்கது, எல்லாத்தையும் இங்கன உக்காந்து சொல்லி முடிச்சேம்மா. போன வாரந்தான் முடிஞ்சுது. இப்பம் அங்க போயி மறுபடியும் மொதல்ல இருந்து சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

மன்னிச்சிருங்க என்றேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கொண்டுவந்திருந்த கேந்திப் பூவைப் பொட்டலத்திலிருந்து எடுத்து இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியை மேடைமேல் வைத்தார். மறுபாதியை என்னிடம் நீட்டினார்.

"நான் வருவேன். இன்னைக்கு முடியாது. நீங்க போயி வச்சிட்டு வாங்க."

வரிசை முனையில் ஏ வெட்டிய கல் இருந்தது. அதில் வால் நன்றாகவே தெரிந்தது. அங்கிருந்து எண்ணிக்கொண்டே போனேன். பதின்மூன்றாவது கல்லைத் தாண்டியதும் புல். நெருஞ்சியும் கொஞ்சம். பூவை வைத்தேன். வைத்துவிட்டு உடனே திரும்ப மனம் வரவில்லை. ஐம்பது வருடமாக ஒரு பெண்பிள்ளை தனியாகப் படுத்திருக்கிறாள். ஒருவர் வந்து ஒன்றும் சொல்லாமல் போனால் நன்றாகவா இருக்கும்? யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். தங்கராஜ் எனக்கு முதுகு காட்டி, தலையைத் தொங்கப் போட்டபடி, பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

நான் குனிந்து, மெதுவாகச் சொன்னேன்: "அம்மா, உங்க மகன் வந்திருக்காரு. பக்கத்து வரிசைலதான் இருக்காரு."